விஜி ஜெயித்த ஞாயிற்றுக்கிழமை

நீலசந்திரா,
14 டிசம்பர் 2024

யசோதாவுக்கு,

விஜியின் அம்மா தமயந்தி எழுதுகிறேன். உன் போன் ஒரு வாரமாக அணைந்தே கிடக்கிறது. நீ எப்போதோ விஜிக்கு அனுப்பிய கூரியர் உறையில் உன் ஒக்கலிபுரம் முகவரி இருந்ததாம். என் மகன் நரேஷ் அதைப் பார்த்து எழுதிக் கொடுத்தான். நேரில் வந்தால் என் வாயில் என்ன வார்த்தை வருமோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. அதனால்தான் காகிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை கோரமங்களா உள்ளரங்கில் நடந்த உங்கள் குஸ்தி ஷோவுக்கு நான் வரவில்லை. விஜி அடிபடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க எனக்கு என்றைக்கும் தைரியம் கிடையாது. பணம் கட்டினால் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றார்கள். எங்கள் சந்துக்காரர்கள் சேர்ந்து கட்டி, சங்கத்து ஹாலில் வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டினார்கள். நான் கதவோரம் நின்று பார்த்தேன்.

கம்பெனி உனக்கு வைத்த பெயர் கருநாகம், என் மகளுக்குப் பெங்களூர்ப் புயல். ஏழு வருஷமாக நீ அவளோடு மோதுகிறாய். அவளை மடக்கு நாற்காலியால் அடித்திருக்கிறாய், முடியைப் பிடித்து இழுத்திருக்கிறாய். எதிரி என்றால் அப்படித்தான் என்று பொறுத்துக்கொண்டேன். அன்று நீ அவளைத் தோளுக்கு மேலே தூக்கிப் போட்டாய். அவள் கழுத்து முதலில் தரையில் பட்டது. அந்தச் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது.

அதைக்கூட ஆட்டத்தில் நடந்தது என்று விட்டிருப்பேன். அதற்குப் பிறகு நீ செய்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அவள் அசையாமல் கிடந்தாள். நீ அவள் பக்கத்திலேயே மல்லாந்து படுத்துக்கொண்டாய். அவள் கை உன்மேல் கிடந்தது. நடுவர் மூன்று எண்ணினார். விஜி ஜெயித்தாள், சாம்பியன் பெல்ட் அவளுக்கே என்று சொன்னார்கள். சந்து முழுக்கக் கத்தினார்கள், வெளியே பட்டாசு வெடித்தது. நானும் கை தட்டினேன். ஜெயித்தவள் எழுந்திருக்கவில்லை.

அரங்கத்தில் அத்தனை பேருக்கும் அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று புரிந்துவிட்டது. உனக்குப் புரியவில்லையா? டாக்டர்கள் ஓடி வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறவள்போலக் கிடந்தாயே. எழுந்து "ஐயோ, யாராவது வாங்க" என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாமே. தெருநாய் அடிபட்டால்கூட நாலு பேர் நின்று பார்க்கிறார்கள்.

விஜிக்குக் கை கால் அசையவில்லை. ஐசியூவில் இருக்கிறாள். இதை உனக்குத் தெரிவிப்பதற்காக எழுதவில்லை. ஏன் என்று கேட்கத்தான் எழுதினேன்.

தமயந்தி


ஒக்கலிபுரம்,
19 டிசம்பர் 2024

அம்மாவுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. விஜி என் தோளிலிருந்துதான் விழுந்தாள். அது உண்மை. அதற்குமேல் நீங்கள் கேட்டதற்கு என்னால் பதில் எழுத முடியாது. எழுதக்கூடாது என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் என்னைத் திட்டலாம், உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். லிஃப்ட் பக்கத்தில் நரேஷ் என்னைப் பார்த்து, "போயிடு, அம்மா கண்ல படாத" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. கீழே மருந்துக் கடை எதிரில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பணம் கட்டிப் பார்த்தவர்கள், நான் வேண்டுமென்றே தோற்றேன் என்றும், காசு வாங்கிவிட்டேன் என்றும் எழுதி எழுதி அனுப்புகிறார்கள். அதனால் போனை அணைத்து வைத்திருக்கிறேன்.

அம்மா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் வலது கைக் கட்டை விரல் அசைகிறதா? யாரையாவது அவள் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அவள் திருப்பி அழுத்துகிறாளா என்று பாருங்கள். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். மிச்சக் காகிதம் முழுக்க என்னைத் திட்டி எழுதுங்கள்.

யசோதா


நீலசந்திரா,
27 டிசம்பர் 2024

யசோதாவுக்கு,

அசைகிறது. கட்டை விரலும் பக்கத்து விரலும். கிறிஸ்துமஸ் அன்று காலையில் நர்ஸ் முதலில் பார்த்தார். பிறகு நான் கையைக் கொடுத்தேன். நீ சொன்னபடியே திருப்பி அழுத்தினாள். எறும்பு ஊர்ந்தால் எப்படி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அழுத்தினாள்.

இனி எழுதப்போவதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

விரல் அசைந்த அன்று பெரிய டாக்டர் வந்தார். கன்னடக்காரர், நிதானமாகப் பேசுகிறவர். தண்டுவடம் வீங்கியிருக்கிறது, அறுபடவில்லை என்றார். அப்படி விழுந்த பிறகு தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் இந்த விரல் என்றைக்கும் அசைந்திருக்காது, தலையை அசையாமல் பிடித்திருந்தது யார் என்று என்னைக் கேட்டார். ஆம்புலன்ஸ்காரர்களாக இருக்கும் என்றேன். அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு வா என்று நரேஷை அனுப்பினேன்.

அவன் விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தான். மேடைமேல் முதலில் ஏறியவர் கேசவ் என்று ஒருவராம். அவர் நரேஷிடம் சொன்னது இது: "நாங்க ஏறும்போதே இன்னொரு அக்காவோட கை கழுத்துக்கு அடியில இருந்துச்சு. கண்ணைத் திறக்கவே இல்ல. கழுத்துக்குக் காலர் மாட்டியாச்சான்னு உதட்டை அசைக்காம கேட்டாங்க. மாட்டியாச்சுன்னு சொன்னப்புறம்தான் கையை எடுத்தாங்க."

நரேஷின் போனில் அந்த ஆட்டத்தை மறுபடியும் பார்த்தேன். அன்று பெரிய திரையில் நான் விஜியின் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை உன்னைப் பார்த்தேன். உன் இடது கை அவள் முடிக்குள் போயிருக்கிறது. உன் தோள் அவள் காதோடு ஒட்டியிருக்கிறது. உன் முகம் செத்தவள் முகம்போல இருக்கிறது, கை மட்டும் நடுங்காமல் இருக்கிறது. சுற்றிலும் அத்தனை பேர் கூச்சல் போடுகிறார்கள், உன்மேல் தண்ணீர் பாட்டிலை எறிகிறார்கள். ஒன்று உன் நெற்றியில் படுகிறது. நீ கண் இமைகூட அசைக்கவில்லை. அந்த இடத்தை மட்டும் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு மனுஷியால் இப்படிக் கிடக்க முடியுமா?

விஜியிடம் கேட்டேன். அவள் சொன்னாள். யார் ஜெயிப்பது என்று முன்பே முடிவாகிவிடுமாம். நான் அதைத் தெரிந்துகொள்ளக்கூடாது என்று உன்னிடம் வாக்கு வாங்கியவளும் அவள்தானாம்.  அவள் ஜெயிக்கும்போதெல்லாம் சந்துக்குக் கேசரி கிண்டிக் கொடுத்தவள் நான். கார்மெண்ட்ஸில் என் லைனில் இருக்கிற அத்தனை பெண்களுக்கும் என் மகளைத் தோற்கடிக்க ஆளே இல்லை என்று சொன்னவள்.

அதோடு இன்னொன்றும் சொன்னாள். அன்று பெல்ட் உனக்கு என்று முடிவாகியிருந்ததாம். விழுந்த பிறகு என்ன நடந்தது என்று அவளுக்குச் சரியாக நினைவில்லை. நீ எழுது. வாக்கு வாங்கியவளே விட்டுவிட்டாள். இனி மறைக்க ஒன்றுமில்லை.

தமயந்தி


ஒக்கலிபுரம்,
3 ஜனவரி 2025

அம்மாவுக்கு,

கட்டை விரல் அசைகிறது என்று நீங்கள் எழுதிய வரியை எங்கள் வீட்டுக்காரம்மா வனஜாவிடம் படித்துக் காட்டினேன். அவருக்கு விஜி யார் என்றே தெரியாது. அவரும் அழுதார்.

முதலில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, யார் ஜெயிப்பது என்பது மட்டும்தான் முன்பே முடிவாகும். விழுவது விழுவதுதான். பலகைக்கு மேல் கொஞ்சம் மெத்தை, அதன்மேல் துணி, அவ்வளவுதான் மேடை. தூக்குகிறவள்தான் விழுகிறவளுக்குப் பொறுப்பு. விஜியை நான் எத்தனை தடவை தூக்கியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. கண்ணைக் கட்டிவிட்டு யாரைத் தூக்கச் சொன்னாலும் அவளைத் தனியாகத் தெரிந்துகொள்வேன். தூக்குவதற்கு முன்னால் அவள் மூச்சை உள்ளே இழுப்பாள், அந்த நொடியில் உடம்பு இலேசாகிவிடும். எதிரிகள் என்று கம்பெனி போஸ்டர் ஒட்டியதால் வெளியில் நாங்கள் ஒன்றாக ஒரு டீகூடக் குடித்ததில்லை. ஆனால் என் கூடப் பிறந்தவர்களைவிட அவள் உடம்பு எனக்குத் தெரியும்.

அன்று அவளைத் தோளிலிருந்து எறிந்தபோது அவள் காற்றில் புரண்டு முதுகு முழுக்கத் தரையில் படும்படி விழ வேண்டும். அதை அவள் தூக்கத்தில்கூடச் செய்வாள். புரளும்போது அவள் பூட்ஸின் நுனி மேடையைச் சுற்றிக் கட்டியிருக்கும் மேல் கயிற்றில் மாட்டியது. அவ்வளவுதான் அம்மா. யார் செய்த பிழையும் இல்லை. அதை ஏற்றுக்கொள்வதுதான் கஷ்டமாக இருக்கிறது.

விழுந்தவுடன் நாங்கள் ஒருவர் கையை ஒருவர் அழுத்திக்கொள்வோம். நான் அழுத்தினால் "சரியா இருக்கியா" என்று அர்த்தம். அவள் திருப்பி அழுத்தினால் "சரியா இருக்கேன்". அழுத்தினேன். பதில் இல்லை. மறுபடியும் அழுத்தினேன். குனிந்தேன். அவள் கண் திறந்திருந்தது. "யசோ, கை எங்க இருக்குன்னு தெரியல" என்றாள். எங்கள் நடுவர் நாணு அண்ணன் நல்லவர். ஆட்டத்தை நிறுத்தக் கையைத் தூக்கப் போனார். அவர் காதில் மாட்டியிருந்த கருவியில் கம்பெனிக்காரர்கள் உள்ளேயிருந்து சொல்லிவிட்டார்கள், நிறுத்தாதே, யசோதாவை அவள்மேல் படுக்கச் சொல், எண்ணி முடி என்று. நான் ஜெயிக்க வேண்டுமானால் அவள் மார்மேல் படுத்து, காலைத் தூக்கி மடக்கிப் பிடிக்க வேண்டும். அதைச் செய்திருந்தால் கழுத்து என்ன ஆகியிருக்கும்?

யோசிக்க நேரமில்லை. யோசித்துச் செய்ததாகவும் நான் சொல்லமாட்டேன். பக்கத்தில் படுத்தேன். ஒரு கையை அவள் தலைக்கு அடியில் கொடுத்தேன். இன்னொரு கையால் அவள் கையை எடுத்து என் மார்மேல் வைத்தேன். எதிராளியின் கை மேலே இருக்க, மூன்று எண்ணும்வரை இரண்டு தோளும் தரையில் கிடந்தால் தோல்வி. என் இரண்டு தோளும் தரையில் படும்படி வைத்துக்கொண்டு "எண்ணுண்ணா" என்றேன். நாணு அண்ணன் என்னைப் பார்த்தார். காதிலிருந்த கருவியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எண்ணினார். அப்படித்தான் விஜி ஜெயித்தாள்.

அதற்குப் பிறகு நான் எழுந்தால் தலைக்கு அணை போய்விடும். அதனால் மயங்கியவள்போலக் கிடந்தேன். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். என்ன பேசினாள் என்று அவளுக்கு நினைவில்லை என்கிறீர்கள். "அம்மா பார்த்துட்டிருப்பாங்க" என்றுதான் சொன்னாள். வேறு எதுவும் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்காமல் "நான் இருக்கேன், நான் இருக்கேன்" என்றேன்.

கம்பெனி கூப்பிட்டிருந்தது. அடுத்த ஷோவில் மைக்கைப் பிடித்து, அவள் கழுத்தை ஒடித்தவள் நான்தான் என்று நான் சிரிக்க வேண்டுமாம். கூட்டம் பிய்த்துக்கொண்டு வருமாம், பெல்ட்டும் எனக்கே. முடியாது என்று சொல்லிவிட்டேன். இனி கூப்பிடமாட்டார்கள். ராஜாஜிநகரில் ஒரு ஜிம்மில் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சேர்ந்திருக்கிறேன்.

யசோதா


நீலசந்திரா,
26 ஜனவரி 2025

அன்புள்ள யசோதா,

விஜியை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். கழுத்தில் காலர் இருக்கிறது. கைகள் தூக்கும் அளவுக்கு வந்துவிட்டன. ஸ்பூனைப் பிடிக்கிறாள், விழுந்தால் திட்டுகிறாள். கால்கள் இன்னும் மெதுவாகத்தான். டாக்டர் நம்பிக்கையாகப் பேசுகிறார்.

உன் கடிதத்தை நான் முதலில் தனியாகப் படித்தேன். பிறகு விஜிக்குப் படித்தேன். கம்பெனி கேட்டதைப் படித்தபோது நரேஷ் எழுந்து வெளியே போய்விட்டான். அப்புறம் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றான். அதை அவனே கேட்கட்டும்.

எல்லாம் பொய்யாட்டம் என்று தெரிந்தபிறகு என் மகளை நான் எப்படிப் பார்ப்பது என்று கொஞ்ச நாள் தவித்தேன்.  இப்போது வேறு ஒன்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. அவளை ஹோசூர் ரோட்டைத் தனியாகத் தாண்ட விட எனக்குப் பயம். அவள் பத்தாவது படிக்கிறவரை கையைப் பிடித்துத்தான் தாண்டினேன். அவளோ ஏழு வருஷமாகத் தன் கழுத்தை உன் கையில் கொடுத்திருக்கிறாள், நீயும் உன் கழுத்தை அவள் கையில் கொடுத்திருக்கிறாய், ஒவ்வொரு தடவையும் வாங்கிய மாதிரியே பத்திரமாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள். இதைப் பார்க்கத்தான் ஜனங்கள் பணம் கட்டினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. எனக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் கேசரியை உனக்கும் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

இப்போது ஒரு சங்கடம். விஜியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கி உட்கார வைக்க வேண்டும். ஃபிசியோ வித்யாலட்சுமி நல்ல பொண்ணு, கெட்டிக்காரி. ஆனால் தூக்கத் தொடங்கியதுமே விஜி உடம்பை இறுக்கிக்கொண்டு கத்துகிறாள். நரேஷ் தூக்கினாலும் அப்படியே. வேர்த்துக் கொட்டுகிறது. மேடையிலிருந்து குதித்தவள், கட்டிலிலிருந்து இறங்கப் பயப்படுகிறாள். நேற்று அழுதுகொண்டே சொன்னாள்: "யசோவைக் கூப்பிடும்மா. அவளுக்கு என் வெயிட் தெரியும்."

வருவாயா?

தமயந்தி


ஒக்கலிபுரம்,
30 ஜனவரி 2025

அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை பஸ் ஏறினேன். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் இறங்கித் திரும்பிவிட்டேன்.

நான் இப்போது யாரையும் தூக்குவதில்லை. ஜிம்மில் ஒரு பெண்ணைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். கையைக் கொடுத்ததும் எனக்கு அந்தப் பூட்ஸ் கயிற்றில் மாட்டியதுதான் தெரிந்தது. கை நடுங்கியது. முதுகு வலி என்று சொல்லி விட்டுவிட்டேன். விஜிக்கு நினைவிருப்பது பழைய கை. அதை நம்பி அவள் கேட்கிறாள். என்னிடம் இப்போது இருப்பது வேறு கை.

ஒரு தடவை என் தோளிலிருந்து விழுந்தாள். இன்னொரு தடவை விழுந்தால் உங்களுக்கு நான் எந்தக் கடிதமும் எழுத முடியாது. அவளிடம் இதைச் சொல்லிவிடுங்கள். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

யசோதா


நீலசந்திரா,
10 பிப்ரவரி 2025

என் யசோதா கண்ணுக்கு,

நேற்று நீ வந்து போனதைப் பற்றி உன்னிடம் சொல்ல நிறைய இருக்கிறது.  மறுபடியும் காகிதத்தையே எடுத்திருக்கிறேன்.

உன் கடிதத்தை விஜிக்குப் படித்தபோது அவள் சிரித்துவிட்டாள். "அவளுக்குப் பயம்னா இன்னும் கெட்டியாப் பிடிப்பா. வரச் சொல்லு" என்றாள். நரேஷ் வண்டியை எடுத்துக்கொண்டு உன்னைக் கூட்டிவர வந்தது அதனால்தான். அவன் வழியில் உன்னிடம் என்ன பேசினான் என்று கேட்டேன், சொல்ல மாட்டேன் என்கிறான். இரண்டு பேர் முகமும் அழுதிருந்தது எனக்குத் தெரியும்.

நீ செய்ததை நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். அன்று திரையில் பார்க்கத் தவறியதை இந்தத் தடவை தவறவிடக்கூடாது என்று உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுங்கியது. நீ மறைக்கவில்லை. கட்டில் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்து அழுத்தினாய். அவள் திருப்பி அழுத்தினாள். நீ மறுபடியும் அழுத்தினாய். அவள் மறுபடியும். அப்படியே எவ்வளவு நேரம் இருந்தீர்களோ, வித்யாலட்சுமி கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றுவிட்டாள். உன் நடுக்கம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. விஜி மூச்சை உள்ளே இழுத்தாள். அடுத்த நொடி அவள் காற்றில் இருந்தாள். கத்தவில்லை, உடம்பை இறுக்கவில்லை. தொட்டிலில் போட்ட பிள்ளையைப்போல உன் கைக்குள் கிடந்தாள். நீ அவளை நாற்காலியில் வைத்த விதத்தைப் பார்த்து வித்யாலட்சுமி, "ஒரு சத்தம்கூட வரலையே" என்றாள்.

நான் பார்த்தது சாதாரண விஷயம்தான், ஒருத்தி இன்னொருத்தியைத் தூக்கி உட்கார வைத்தாள். ஆனால் எனக்குக் கை கூப்பத் தோன்றியது. கையில் கரண்டி இருந்ததால் கூப்பவில்லை.

அப்புறம் விஜி செய்த வேலை. "அம்மாவையும் ஒரு தடவை தூக்குடி" என்று சொல்லிவிட்டாள். நான் வேண்டாம் வேண்டாம் என்று பின்னால் போனேன். கார்மெண்ட்ஸில் உட்கார்ந்து உட்கார்ந்து நான் எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும். நீ என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினாய். எனக்கும் அர்த்தம் தெரிந்திருந்தது. திருப்பி அழுத்திவிட்டேன். ஏன் அழுத்தினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

கால் தரையை விட்டது. சேலையை நரேஷ் பிடித்துக்கொண்டான். என்னைத் தோள்மேல் வைத்துக்கொண்டு நின்றாய். எங்கள் வீட்டை நான் அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்ததே இல்லை. பீரோவின்மேல் எவ்வளவு தூசி என்று தெரிந்தது. ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு மாடித் துணியெல்லாம் தெரிந்தது. கீழே என் மகள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து என்னை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். காலரோடு அவளால் அவ்வளவு அண்ணாந்து பார்க்க முடியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"பயமா இருக்கா அம்மா?" என்று கேட்டாய். இல்லை என்று நான் சொன்னது உனக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. இறக்கிவிடட்டுமா என்றும் கேட்டாய்.

அதற்கு நான் பதிலே சொல்லவில்லை, கண்ணு. இறங்க மனசில்லை.

அம்மா